கசக்கும் கைப்பிரீன்யா

கேள்வி: வெளிநாட்டிலிருந்து விடுமுறைக்கு வந்த மைத்துனர் பிரேசில் நாட்டுக் கஷாசா மதுப் போத்தல் ஒன்றைக் கொண்டுவந்தார். அந்நாட்டவரின் தேசிக்காய் மதுக்கலவையான கைப்பிரீன்யாவை அதில் செய்து பார்த்தோம். கசப்புத் தாங்க முடியவில்லை. எங்கே பிழை விட்டோம்? போத்தல் முடிந்தபின் பனஞ்சாராயத்தில் செய்யலாமா?
– வாசகர் ஒருவர், கிளிநொச்சி

பதில்: தேசிக்காயை இடித்த விதமே கசப்புக்குப் பெரும்பாலும் காரணமாக இருக்கும். பிரேசிலில் இதற்கு எடுப்பது விதையற்ற, பெரிய தாகித்தி இனக் காய். நமது வளவுகளில் காய்ப்பதோ சிறியது, விதை நிறைந்தது. விதை நசுங்கினாலும், தோலின் உட்புற வெள்ளைப் பகுதி சிதைந்தாலும் கசப்பு இறங்கிவிடும். ஆகவே ஒருவருக்கு நமது காய் இரண்டை நான்காகப் பிளந்து, விதைகளையும் நடுவிலுள்ள வெள்ளை நரம்பையும் நீக்கி, அடி தடித்த கிளாஸில் தோல் கீழே இருக்குமாறு இட்டு, இரண்டு தேக்கரண்டி சீனி தூவி, சாறு விடும் அளவுக்கு மட்டும் மரக்கட்டையால் மெதுவாக அழுத்துங்கள். சீனியைப் பாகாக்க வேண்டாம். அதன் பரல்கள் தோலில் உரசும்போதுதான் வாசனை எண்ணெய் நன்றாக வெளிவரும். பின்னர் 60 மில்லிலீற்றர் கஷாசா ஊற்றி, உடைத்த ஐஸை நிறைத்துக் கலக்கி, வடிக்காமல் உடனே பரிமாறுங்கள். விருந்துக்கென்று காலையிலேயே பெரிய பாத்திரத்தில் கலந்து வைக்கும் நமது வழக்கம் இதற்குச் சரிவராது. தோல் ஊற ஊறக் கசப்பு ஏறும்.

பனஞ்சாராயத்தில் தாராளமாகச் செய்யலாம், ஆனால் அது கைப்பிரீன்யா ஆகாது. கஷாசா, தேசிக்காய், சீனி ஆகியவற்றால் ஆனதே கைப்பிரீன்யா என்று பிரேசில் அரசு 2003 இல் ஆணையிட்டது. வோட்காவில் செய்தால் அந்நாட்டவரே அதைக் கைப்பிரோஸ்கா என்கின்றனர். புளித்த கரும்புச்சாற்றை வடித்து எடுப்பது கஷாசா. பனஞ்சாராயமோ பனங்கள்ளிலிருந்து வருவது. அதன் மணம் தூக்கலானது என்பதால் 45 மில்லிலீற்றருடன் தொடங்குவது நல்லது. சீனிக்குப் பதிலாகப் பனங்கட்டி சேர்ப்பதை நான் விரும்பமாட்டேன். தேசிக்காயின் வாசனையை அது மூடிவிடும். களவாகக் காய்ச்சும் சாராயமான கசிப்பை மட்டும் எக்காரணம் கொண்டும் தொடாதீர்கள். அதில் மெதனோல் கலந்திருந்தால் தேசிக்காய்ப் புளி அந்த நஞ்சை முறிக்காது.

கேள்வி: மது அருந்தாதவர்களுக்கு இதைச் செய்ய முடியுமா?
– வாசகி ஒருவர், மாங்குளம்

பதில்: முடியும். தேசிக்காயையும் சீனியையும் அதேபோல் அழுத்தி, மதுவுக்குப் பதிலாகக் குளிர்ந்த சோடாவை ஊற்றுங்கள்; சீனியை ஒரு தேக்கரண்டியாகக் குறைக்கலாம்.