டார்ச் பிடித்தவர் லொகேஷன் கேட்கிறார்!

கேள்வி: எனக்கு 26 வயது. கோத்தகிரியில் ஒரு நிதி நிறுவனத்தில் வேலை. இருட்டிய பிறகு பஸ்ஸை விட்டு இறங்கி, கரடி நடமாடும் தேயிலைத் தோட்டப் பாதையில் வீட்டுக்கு நடக்க வேண்டும். நான் காதலிப்பவர் டார்ச்சோடு வந்து நிற்பார். எங்கே போனாலும் ‘நீ இரு, நான் பேசுறேன்’ என்று முன்னால் வருவார். எனக்கு அது பிடிக்கும். இப்போது பதவி உயர்வோடு கோவைக்கு மாற்றல் வந்திருக்கிறது. ‘வேணாம்னு எழுதிக் கொடு’ என்கிறார். போனில் லொகேஷன் எப்போதும் ஆனில் இருக்க வேண்டுமாம். ‘அடக்குற ஆம்பளையத்தான் நமக்குப் பிடிக்கும்’ என்று தோழி சிரிக்கிறாள். படித்த எனக்கு இப்படிப் பிடிப்பது தப்பா அக்கா?

- வாசகி, கோத்தகிரி

பதில்: பிடிப்பதில் என்னம்மா தப்பு? குன்னூரில் எங்கள் வேலியோரம் காட்டெருமை வந்து நின்றால் நானும் என் வீட்டுக்காரரைத்தான் எழுப்புகிறேன். (அவர் என் முதுகுக்குப் பின்னால் நின்று எட்டிப் பார்ப்பார் என்பது வேறு கதை.)

படிப்புக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. 2019-ல் கூல், குப்ஃபர் என்ற இரு உளவியலாளர்கள் இதை ஆராய்ந்தார்கள். பெண்ணைப் பொத்திப் பாதுகாக்க நினைக்கும் ஆண் தங்களை மட்டம் தட்டவும் கட்டுப்படுத்தவும் கூடும் என்று தெரிந்தேதான் பெண்கள் அவனை விரும்பினார்கள். தீவிரப் பெண்ணியம் பேசியவர்களும் அப்படித்தான். ‘நமக்காக நிற்பான்’ என்ற நம்பிக்கைதான் காரணம். ஆனால், உங்கள் தோழி சொல்லும் அடக்குமுறை அந்தக் கணக்கில் வராது. 1995-லேயே ஜென்சன்-கேம்ப்பெல் குழுவினர் பார்த்துவிட்டார்கள்: அடுத்தவர் மேல் அக்கறை இருந்தால்தான் ஆணின் அதிகாரத் தோரணை பெண்ணிடம் எடுபட்டது.

உங்கள் கடிதத்துக்கு வருவோம். டார்ச் பிடித்தபோது அவர் பயந்தது கரடிக்கு. லொகேஷன் கேட்கும்போது யாருக்குப் பயப்படுகிறார்? அவருடைய லொகேஷன் உங்கள் போனில் தெரிகிறதா? கோவை வேண்டாம் என்பதற்கு அவர் சொன்ன காரணம் உங்கள் கடிதத்தில் ஒரு வரிகூட இல்லை. நீங்கள் எழுத மறந்தீர்களா, அவர் சொல்லவே இல்லையா? மேட்டுப்பாளையம் வழியாக பஸ் ஏறினால் சனிக்கிழமை ராத்திரி வீட்டில் இருக்கலாம். அப்படியொன்றும் கண்காணாத சீமை இல்லை.

‘நீ இரு, நான் பேசுறேன்’ என்கிறாரே, ஒருநாள் ‘இல்லை, நானே பேசிக்கிறேன்’ என்று சொல்லிப் பாருங்கள். சிரித்துக்கொண்டு ஒதுங்கி நின்றால் நல்ல பிள்ளை. முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு நாலு நாள் பேசாமல் இருந்தால், கல்யாணப் பேச்சைக் கொஞ்சம் தள்ளிப் போடுங்கள். 2005-ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைச் சட்டத்தில் பெண்ணை வேலைக்குப் போகவிடாமல் தடுப்பதும் புகாருக்குரியதுதான். அவர் அந்த ரகம் என்று சொல்லவில்லை, தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள்.

மாற்றல் ஆர்டருக்கு என்றைக்குள் பதில் தர வேண்டும் என்று நீங்கள் எழுதவில்லை. சம்மதம் என்று கையெழுத்துப் போட்டு அனுப்பிவிட்டு அன்று சாயங்காலமே அவரிடம் சொல்லுங்கள். கேட்டுவிட்டுப் போடாதீர்கள்.