ஃபிஜி கிராமத்தில் இறங்கும் முன் அரைக் கிலோ வேர்

கேள்வி: ஃபிஜியின் சவுசவு துறைமுக ஊரிலிருந்து பாய்ப்படகில் லாவ் தீவுகளுக்குப் போகிறோம். கிராமங்களில் எப்படி இறங்க வேண்டும்? கவாப் பொடி வாங்கியிருக்கிறோம், போதுமா?

போதாது. பொடி நீரில் கலக்கிக் குடிப்பதற்கு. ஊர்த் தலைவர் முன் வைக்க, இடிக்காத காய்ந்த யங்கோனா (கவாச் செடி) வேர் வேண்டும், கிராமத்துக்கு அரைக் கிலோ வீதம். வேரை வைத்து ஊருக்குள் வர அனுமதி கேட்கும் சடங்குக்கு ‘செவுசெவு’ என்று பெயர். சவுசவு சந்தையில் ‘செவுசெவுவுக்கு’ என்று கேட்டால் செய்தித்தாளில் சுற்றிக் கட்டித் தருவார்கள். வெளித்தீவுக் கடைகளை நம்பாமல் இரண்டு கட்டு கூடுதலாக வாங்குங்கள். ஈரம் பட்டால் பூஞ்சை பிடிக்கும். படகின் அடியில் திணிக்காமல் காற்றுப்படும் இடத்தில் வையுங்கள்.

கிளம்பும் முன் சவுசவுவிலேயே உள்நாட்டுப் பயண அனுமதி வாங்கிவிடுங்கள். பவளத்திட்டுகளுக்கு இடையே காலை 10 முதல் பிற்பகல் 3 வரை மட்டும் ஓட்டுங்கள். சூரியன் முகத்துக்கு எதிரே இருந்தால் திட்டு தெரியாது. லாவ் தீவுகளில் ஒன்றான ஃபுலாங்காவின் நுழைவாய் குறுகல், ஓட்டமும் வலு. நீரோட்டம் அடங்கும் நேரம் பார்த்து நுழையுங்கள். நங்கூரம் மணலில் விழட்டும், பவளத்தில் சிக்கினால் சங்கிலி எழாது.

நங்கூரமிட்டதும் நீந்தவோ தூண்டில் போடவோ கூடாது. ஊருக்கு முன்னிருக்கும் கடலில் மீன்பிடி உரிமை அந்த ஊராருடையது. முதல் வேலை செவுசெவு. ஞாயிற்றுக்கிழமை போகாதீர்கள், அன்று தேவாலயம்தான் எல்லாம்.

ஆண், பெண் இருவரும் முழங்காலும் தோளும் மறையும்படி உடுத்துங்கள். இடுப்பில் சுற்றும் ஃபிஜித் துணியான சுலு இல்லையென்றால் நம் லுங்கியே போதும். ஊருக்குள் தொப்பி, கறுப்புக் கண்ணாடி வேண்டாம். பையைத் தோளில் மாட்டாமல் கையில் பிடியுங்கள். கரையில் எதிர்ப்படுபவரிடம் ‘துராங்கா நி கோரோ’ எங்கே என்று கேளுங்கள். அந்த ஊர் நிர்வாகிதான் தலைவர் வீட்டுக்கு அழைத்துப் போவார். வாசலில் செருப்பைக் கழற்றி, பாயில் சம்மணமிட்டு உட்காருங்கள். வேர்க்கட்டைத் தலைவர் கையில் திணிக்காமல் அவர் முன் தரையில் வையுங்கள். அவர் எடுத்துக்கொண்டால் நீங்கள் விருந்தாளி. சில ஊர்களில் வரும் படகுகளுக்குக் கட்டணமும் உண்டு; அதைக் கட்டிவிட்டதால் வேர் தேவையில்லை என்று எண்ணாதீர்கள்.

கவா வந்தால் ஒரு முறை கை தட்டி, ‘புலா’ சொல்லி, ஒரே மூச்சில் குடித்து, மூன்று முறை தட்டுங்கள். நாக்கு மரத்துப்போகும், பயப்பட வேண்டாம். குறைவாக வேண்டுமானால் ‘லோ டைட்’ (கடல் வற்றம்) என்று கேட்கலாம். அங்கே அதுதான் அளவு!

இருட்டும் முன் டிங்கிக்கு (கரைக்கு வந்த சிறு படகுக்கு) திரும்புங்கள். தாமதமாகும் என்று தோன்றினால், கரைக்குப் போகும்போதே நங்கூர விளக்கை ஏற்றி, வந்த வழியை ஜிபிஎஸ்ஸில் பதிந்துவிடுங்கள்.