வாடகை வீடு, மாதம் ஒருமுறை மதுரை: எலெக்ட்ரிக் கார் சரிவருமா?

வணக்கம் நண்பரே. சென்னை வேளச்சேரியில் வாடகை ஃபிளாட், தினம் 40 கி.மீ ஆபீஸ் ஓட்டம், மாதம் ஒருமுறை மதுரை; 45 யூனிட் பேட்டரி உள்ள டாடா நெக்ஸான் எலெக்ட்ரிக் கார் வாங்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். காரைப் பார்க்கும் முன் பார்க்கிங்கைப் பாருங்கள். உங்கள் மீட்டரிலிருந்து தனி வயர் இழுத்து, எர்த் ஒழுங்காக உள்ள 15 ஆம்பியர் பாயின்ட் போட ஓனரும் அசோசியேஷனும் சம்மதிப்பார்களா? எழுத்தில் வாங்கிவிடுங்கள். கிடைக்காவிட்டால் இப்போதைக்கு வேண்டாம். வெளியில் மட்டுமே சார்ஜ் போட்டால் செலவும் கூடும், நிம்மதியும் போகும்.

கிடைத்தால் தயங்காமல் வாங்குங்கள். முழு சார்ஜுக்கு இழப்பும் சேர்த்து சுமார் 50 யூனிட். யூனிட் 8 ரூபாய் என்று வைத்தாலும் 400 ரூபாய்தான். நடைமுறையில் 300 கி.மீ வரை ஓடும். அதே தூரத்துக்கு லிட்டருக்கு 15 கி.மீ தரும் பெட்ரோல் கார் 20 லிட்டர் குடிக்கும். உங்கள் 40 கி.மீ-க்கு இரவில் மூன்று மணி நேரம் போட்டாலே போதும். நெரிசலில் ஆக்சிலரேட்டரை விட்டாலே வண்டி மெதுவாகி, பேட்டரிக்குக் கொஞ்சம் கரண்ட் திரும்பும்.

மதுரை சுமார் 460 கி.மீ, ஒரே மூச்சில் போகாது. மணிக்கு 100 கி.மீ-க்கு மேல் பிடித்தால் ரேஞ்ச், அதாவது ஒரு சார்ஜில் ஓடும் தூரம், மளமளவென்று இறங்கும். வழியில் சாப்பிடும் நேரத்தில் ஃபாஸ்ட் சார்ஜ் போடுங்கள், மாற்று ஸ்டேஷன் ஒன்றும் பார்த்து வையுங்கள். பண்டிகைக்கு முந்தைய நாள் வரிசை நிற்கும்.

மழை வெள்ளம் தேங்கும் வேளச்சேரி என்பதால் இன்னொன்று: சார்ஜிங் பாயின்ட்டை நல்ல உயரத்தில் வையுங்கள். கனமழை எச்சரிக்கை வந்தால், 2024 அக்டோபரில் மேம்பாலத்தில் வரிசையாகக் கார்களை நிறுத்தினார்களே, அப்படி முன்கூட்டியே மேட்டுக்கு ஏற்றிவிடுங்கள்.