உப்புக்குத் துணை சர்க்கரை

அன்புள்ள ஐயா,

என் பெண் பதினொன்றாம் வகுப்பு படிக்கிறாள். செல் சவ்வுப் பாடத்தைச் சத்தமாகப் படித்துக்கொண்டிருந்தவள் திடீரென்று கேட்டாள்: “வயித்துப்போக்குக்குக் குடிக்கிற ஓஆர்எஸ்ல உப்பு சரி, சர்க்கரை எதுக்கு? ருசிக்கா?” தெம்புக்கு என்று சொல்லி வைத்தேன். அவள் நம்பவில்லை. எனக்கே நம்பிக்கை இல்லை. தெரிந்தால் எழுதுங்கள்.

கே., தாராபுரம்

அன்புள்ள கே.,

அவள் நம்பாதது சரிதான். ஒரு லிட்டர் ஓஆர்எஸ் நீரில் இருப்பது 13.5 கிராம் குளுக்கோஸ். ஒரு இட்லியில் கிடைக்கும் தெம்புதான் அதிலும் கிடைக்கும். சர்க்கரை சேர்ப்பதற்குக் காரணம் உப்புதான்.

செல் சவ்வு கொழுப்பாலான இரட்டைப் படலம். ஆக்சிஜன் அதில் தானாக நுழைந்துவிடும். உப்பில் இருக்கும், மின்னேற்றம் கொண்ட சோடியத்தால் முடியாது, குளுக்கோஸாலும் முடியாது. அவற்றை உள்ளே விட ஒரு புரதம் வேண்டும். சிறுகுடல் செல்களில் எஸ்ஜிஎல்டி1 என்று ஒன்று இருக்கிறது. இரண்டு சோடியமும் ஒரு குளுக்கோஸும் சேர்ந்து வந்தால்தான் அது உள்ளே கொண்டுபோகும். செல்லின் மறுபுறத்தில் ஒரு புரதப் பம்ப், செல்லின் எரிபொருளான ஏடிபியைச் செலவழித்து, மூன்று சோடியத்தை வெளியே தள்ளி இரண்டு பொட்டாசியத்தை உள்ளே எடுத்துக்கொண்டே இருக்கிறது. அதனால் செல்லுக்குள் சோடியம் எப்போதும் குறைவு. குடலில் இருக்கும் சோடியம் அந்தப் பள்ளத்தை நோக்கிப் பாயும்போது குளுக்கோஸையும் இழுத்துக்கொண்டு வருகிறது. பின்னாலேயே தண்ணீரும் வருகிறது. உயிர்வேதியியலாளர் ராபர்ட் கிரேன் 1960-ல் பிராக் நகரில் நடந்த கூட்டத்தில் சொன்ன கருத்து இது.

காலரா வந்தால் அதன் நச்சு குடல் செல்லில், உப்பின் இன்னொரு பாதியான குளோரைடு வெளியேறும் வழியைத் திறந்துவிடுகிறது. குளோரைடு வெளியே கொட்ட, கூடவே சோடியமும் தண்ணீரும் போகின்றன. உப்பு மட்டும் உள்ளே வரும் வழியும் அடைபட்டுவிடும். ஆனால் எஸ்ஜிஎல்டி1-ஐ அந்த நச்சு தொடுவதில்லை. வெறும் உப்புத் தண்ணீர் எவ்வளவு குடித்தாலும் பயன்படாமல், சர்க்கரை சேர்ந்ததும் பிடித்துக்கொள்வது இதனால்தான்.

1971-ல் பங்களாதேஷ் போரின்போது, எல்லையை ஒட்டிய வங்காள ஊரான பன்காவ்ன் அகதி முகாமில் காலரா. வந்தவர்களுக்கெல்லாம் ஏற்ற சலைன் பாட்டில் இல்லை. டாக்டர் திலீப் மகாலனாபிஸ் ஒரு லிட்டருக்கு 22 கிராம் குளுக்கோஸ், 3.5 கிராம் உப்பு, 2.5 கிராம் சோடா உப்பு என்று கரைத்து டிரம்களில் வைத்தார். அதை டம்ளரில் பிடித்துப் புகட்டியவர்கள் பெரும்பாலும் நோயாளியின் அம்மாவோ அண்ணனோதான். 30 சதவீதம் வரை இருந்த சாவு 4 சதவீதத்துக்கும் கீழே இறங்கியது.

அப்படியானால் சர்க்கரையைக் கூட்டினால் இன்னும் நல்லதா? இல்லை. நறுக்கிய பாகற்காயில் உப்பைப் பிசிறி வைத்துப் பத்து நிமிடம் கழித்துப் பாருங்கள், கிண்ணத்தின் அடியில் தண்ணீர் நிற்கும். அதிகச் சர்க்கரை குடலிலும் அதைத்தான் செய்யும். உடம்பின் நீரை வெளியே இழுத்துப் போக்கைக் கூட்டும். உலக சுகாதார நிறுவனமும் 2002-ல் ஒரு லிட்டர் கரைசலில் கரைந்திருக்கும் துகள்களின் மொத்த அளவை 311-லிருந்து 245 மில்லி ஆஸ்மோலாகக் குறைத்தது. போன வருஷம் ஒரு மருந்துக்கடையில் ஓஆர்எஸ் கேட்டேன். ஆரஞ்சு ஜூஸ் டப்பா ஒன்றை நீட்டி, “இதுவும் அதுதான் சார், குழந்தைங்க நல்லாக் குடிக்கும்” என்றார்கள். பின்பக்கம் சர்க்கரை அளவைப் படித்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தேன்.

அப்புறம், பாக்கெட்டைப் பிரித்து ஒரு டம்ளர் தண்ணீரில் பாதியைக் கொட்டுவது பல வீடுகளில் நடக்கிறது. ஒரு லிட்டர் பாக்கெட் என்றால் முழுப் பாக்கெட்டும் ஒரு லிட்டரில்தான் கரைய வேண்டும். பாக்கெட் கையில் இல்லாத ராத்திரியில் உப்புப் போட்ட அரிசிக் கஞ்சி உதவும். அரிசியின் மாவுச்சத்து குடலில் கொஞ்சம் கொஞ்சமாகக் குளுக்கோஸாக உடைகிறது. சோடியத்துக்குத் துணை கிடைத்துவிடும், பாகற்காய் கதையும் நடக்காது. உப்பு மட்டும் அளவாக இருக்கட்டும்.