ஸ்விம் டயப்பர் போட்ட குழந்தையை அபார்ட்மெண்ட் நீச்சல் குளத்தில் ஏன் விடமாட்டேன் என்கிறார்கள்?

ஒன்றரை வயதுக் குழந்தை, ஸ்விம் டயப்பரும் போட்டாயிற்று, அப்புறம் என்ன தடை என்று கேட்டிருக்கிறீர்கள். எரிச்சல் நியாயம்தான். ஆனால் அசோசியேஷன் பக்கமும் காரணம் இருக்கிறது.

ஸ்விம் டயப்பர் கெட்டியான மலத்தைத்தான் ஓரளவு தாங்கும். பேதி என்றால் கிருமிகள் சில நிமிடங்களிலேயே தண்ணீரில் கசிந்துவிடும். குளோரின் இருக்கிறதே என்பீர்கள். இ.கோலை போன்ற பாக்டீரியாக்களை அது சீக்கிரம் கொன்றுவிடும், சரி. கிரிப்டோஸ்போரிடியம் என்ற ஒட்டுண்ணி அப்படியல்ல. தடித்த ஓடு இருப்பதால், முறையாகக் குளோரின் கலந்த நீரிலும் 7 நாட்களுக்கு மேல் தாக்குப்பிடிக்கும். கொஞ்சம் தண்ணீரை விழுங்கினாலே தொற்றிவிடும். குழந்தைகள் விழுங்காமல் குளிப்பார்களா? இந்தத் தொற்று வந்தவர்கள் பேதி நின்ற பிறகும் 2 வாரம் குளத்தில் இறங்கக் கூடாது என்கிறது அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம்.

தனி வடிகட்டி உள்ள குட்டிக் குளம் கேளுங்கள், அது நியாயமான கோரிக்கை. அங்கேயும் மணிக்கு ஒருமுறை டயப்பரைப் பாருங்கள், கரையில் வைத்து மாற்றாதீர்கள்.

பெரியவர் கூட இருக்க வேண்டும் என்றால் தண்ணீருக்குள், கைக்கெட்டும் தூரத்தில். நாற்காலியில் உட்கார்ந்து போன் பார்ப்பது கணக்கில் வராது. காற்றடைத்த கைப்பட்டையும் உயிர்காக்கும் சாதனம் கிடையாது.