மூலவர் வேல்தான்

கேள்வி: எங்கள் ஊர் பர்மாவில் மோல்மீனுக்குத் தெற்கே, ரப்பர் தோட்டத்துப் பக்கம். கோயிலில் மூலவர் ஒரு வேல் மட்டும்தான். தாத்தா காலத்தில் தோட்டத்து ஆட்கள் நட்டது. ஜப்பான்காரன் வந்த வருஷம் கிணற்றுக்குள் இறக்கி மறைத்து, சண்டை ஓய்ந்த பிறகு எடுத்து வைத்தார்களாம். இப்போது திருப்பணி நடக்கிறது. ஆறுமுகமும் வள்ளி தெய்வானையும் கல்லில் வந்து இறங்கிவிட்டன. "வேல் வெறும் ஆயுதம், சாமி ஆகாது, ஆகமப்படி மூலஸ்தானத்தில் விக்கிரகம்தான் இருக்க வேண்டும்" என்று கமிட்டியில் சொல்கிறார்கள். பாலாலயம் செய்த கையோடு சாமான் அறையில் வேலைச் சாத்தி வைத்துவிட்டார்கள். பழனியாண்டி, ஆறுமுகம், வேல் - இதில் எதுதான் சரியான முருகன்?
- ஒரு வாசகர்

பதில்: முதலில் சாமான் அறையிலிருந்து அந்த வேலை வெளியே எடுக்கச் சொல்லுங்கள். மற்றதை அப்புறம் பேசலாம்.

பாலாலயம் என்பது என்ன? திருப்பணி நடக்கிற நாட்களில் மூலவரின் சக்தியைக் கும்பத்திலோ அத்திப் பலகையிலோ எழுந்தருளச் செய்து, அன்றாடப் பூசை நின்றுவிடாமல் நடத்துவது. கட்டடம் முடிந்ததும் அதை மூலவரிடமே திரும்பச் சேர்க்க வேண்டும். உங்கள் கமிட்டி வேலுக்குத்தானே பாலாலயம் செய்தது? வேல் சாமி இல்லை என்றால் கும்பத்தில் எழுந்தருளியிருப்பது யார்? இந்த ஒரு கேள்வியைக் கூட்டத்தில் எழுந்து நின்று கேளுங்கள்.

ஆயுதம் சாமி ஆகாது என்பது ஆகமம் தெரிந்தவர் சொல்கிற பேச்சு இல்லை. சிவன் கோயில் திருவிழாவில் தீர்த்தவாரிக்குத் தண்ணீரில் இறங்கி முழுகுபவர் அஸ்திரதேவர். அவர் வடிவம் திரிசூலம். பெருமாள் கோயிலில் சக்கரத்துக்குச் சக்கரத்தாழ்வார் என்று பேர் வைத்துத் தனிச் சந்நிதி கட்டிக் கும்பிடுகிறார்கள். திருப்பரங்குன்றத்தில் முருகன் மலைப்பாறையிலேயே செதுக்கப்பட்டவர்; அதனால் அங்கே அபிஷேகம் வேலுக்குத்தான். அறுபடை வீட்டில் முதல் வீட்டிலேயே பாலும் பன்னீரும் வேலின்மேல் விழும்போது, மோல்மீன் பக்கத்து வேல் மட்டும் எப்படி இரும்புச் சாமான் ஆகும்?

கடல் தாண்டி யாழ்ப்பாணம் போய்ப் பாருங்கள். நல்லூர்க் கந்தசாமி கோயில் மூலஸ்தானத்தில் இருப்பது வேல். 25 நாள் திருவிழா அந்த வேலை வைத்துத்தான். தொண்டைமானாற்றுச் செல்வச்சந்நிதியிலும் வேல்தான். பூசை செய்பவர் வாயைத் துணியால் கட்டிக்கொண்டு மௌனமாகப் பூசை செய்வார். கதிர்காமத்தில் இதைவிட ஒரு படி மேலே. அங்கே விக்கிரகமே கண்ணுக்குக் காட்டுவதில்லை. முருகன் படம் எழுதிய திரைக்கு முன்னால் நின்று கும்பிட்டுவிட்டு வர வேண்டியதுதான். திருவிழாவில் யானைமேல் வருவது ஒரு பேழை. அந்தத் திரைக்கு முன்னால் தமிழரும் சிங்களவரும் அழுது கரைகிறார்கள். முகம் தெரியவில்லை என்று யாரும் குறைப்பட்டு நான் கேட்டதில்லை.

பழைமை வேண்டும் என்றால் அதுவும் வேலின் பக்கம்தான் இருக்கிறது. சிலப்பதிகாரத்தில் புகார் நகரத்துக் கோயில்களை அடுக்கிச் சொல்கிற இடத்தில் 'வேற்கோட்டம்' என்று ஒன்று வருகிறது. கோட்டம் என்றால் கோயில். வேலின் பேராலேயே ஒரு கோயில்! திருமுருகாற்றுப்படையில் நக்கீரர், முருகன் எங்கெல்லாம் இருப்பான் என்று சொல்லும்போது காடு, சோலை, ஆறு, குளம், நாற்சந்தி, பூத்த கடம்பு என்று வரிசையாகப் போய், 'மன்றமும் பொதியிலும் கந்துடை நிலையினும்' என்கிறார். கந்து என்பது நட்டுவைத்த தறி. ஒரு தூணை நட்டு அதில் சாமி இருக்கிறது என்று கும்பிட்ட இடத்தையும் அவர் திருச்செந்தூரைப் பாடிய அதே பாட்டிலேயே பாடுகிறார். உங்கள் தாத்தாவும் தோட்டத்து ஆட்களும் செய்தது இதைத்தான். கல்தச்சரைக் கூப்பிட வசதியில்லாததால் ஏதோ ஒன்றை நட்டார்கள் என்று கமிட்டிக்காரர்கள் நினைத்தால், அது அந்தப் பெரியவர்களுக்குச் செய்கிற அவமரியாதை.

சரி, 'சரியான முருகன்' என்ற கேள்விக்கு வருகிறேன். குமாரதந்திரம் என்ற ஆகம நூல் முருகனுக்குப் பதினாறு திருவுருவம் சொல்கிறது. சக்திதரர் என்று வேல் ஏந்தியவர் உண்டு, வள்ளி கல்யாணசுந்தரர் உண்டு, யானைமேல் வரும் கஜவாகனர் உண்டு. சுவாமிமலையில் சந்நிதிக்கு எதிரே மயில் இல்லை, யானைதான் நிற்கிறது. பதினாறையும் ஒன்றாக வைத்த நூலைக் காட்டி, ஒன்றுதான் சரி என்று சொல்ல முடியுமா?

நம் மனசில் பதிந்திருக்கிற முருகன் பெரும்பாலும் காலண்டர் முருகன். ரவிவர்மா அச்சுப் படமும், அதற்கப்புறம் கோவில்பட்டி ஓவியர் கொண்டையராஜு வழி வந்த காலண்டர்களும் வீடு வீடாகக் கொண்டுவந்து மாட்டிய முகம் அது. அழகான முகம்தான், எங்கள் வீட்டிலும் மாட்டியிருக்கிறது. ஆனால் அந்தப் படம் நேற்று வந்தது. அதை அளவுகோலாக வைத்து, அதற்கு முன்னால் இருந்த சாமியை அளக்கக்கூடாது.

இந்த ரங்கூனையே எடுத்துக்கொள்ளுங்கள். 1931 கணக்கெடுப்பில் நகரத்து ஜனம் சுமார் நாலு லட்சம். அதில் பாதிக்கு மேல் இந்தியர். முகல் தெருவில் கிட்டங்கி (வட்டிக்கடை நடத்தும் கட்டடம்) வைத்திருந்த நகரத்தார் தண்டாயுதபாணியைக் கொண்டுவந்தார்கள். கோவணமும் தண்டமுமாக நிற்கிற அந்த ஆண்டியின் பேரில்தான் வட்டிக் கணக்கு எழுதத் தொடங்குவார்கள். துறைமுகத்தில் மூட்டை தூக்கிய தெலுங்கர்களுக்கு அவர் சுப்பராயுடு, அதாவது நாகம். சஷ்டியன்று புற்றுக்குப் பால் ஊற்றினால் அது முருகனுக்குத்தான். வங்காளிகளின் துர்கா பூஜைப் பந்தலில் அம்மனுக்குப் பக்கத்தில் சுருட்டை முடியும் மீசையுமாக மயில்மேல் ஒருவர் இருப்பார். சின்ன வயதில் அப்பா கையைப் பிடித்துக்கொண்டு போனபோது, "வள்ளியும் தெய்வானையும் எங்கே?" என்று கேட்டேன். "இங்கே தம்பி தனியாகத்தான் வந்திருக்கிறார். கும்பிட்டுக்கோ" என்றார் அப்பா. அப்பா அதிகம் படித்தவர் இல்லை. அன்றைக்கு அவர் சொன்னதைத்தான் இன்றைக்கு உங்களுக்கு இவ்வளவு நீளமாக எழுதிக்கொண்டிருக்கிறேன்.

பழனியாண்டியை வைத்தால் ஊர் ஆண்டியாகிவிடும் என்று சிலருக்கு ஒரு பயம் உண்டு. அதை விட்டுவிடுங்கள். பழனியில் அதே திருமேனிக்கு மாலையில் ராஜ அலங்காரம். தண்டாயுதபாணியைக் கும்பிட்ட நகரத்தார் எவ்வளவு செல்வம் சேர்த்தார்கள் என்பது பர்மா முழுக்கத் தெரியும்.

நீங்கள் அனுப்பிய வேலின் படத்தை இரண்டு நாளாக மேசைமேல் வைத்திருக்கிறேன். பித்தளை இலையின் நுனி இடதுபக்கம் லேசாக மடங்கியிருக்கிறது, கிணற்றுக்குள் இறக்கும்போது கல்லில் பட்டதாக இருக்கலாம். நடுவில் கல் பதித்த குழியில் கல் இல்லை. குழி நிறையக் குங்குமம். கீழே தண்டில் சந்தனக் காப்பு. அது சந்தனம் இல்லை, தனக்காதான் என்று நீங்களே படத்தின் பின்னால் எழுதியிருக்கிறீர்கள். சந்தனம் கிடைக்காத வருஷங்களில் உங்கள் பாட்டி வாசலில் உட்கார்ந்து, பர்மியப் பெண்கள் முகத்துக்கு அரைக்கிற அதே வட்டக் கல்லில் தனக்காக் கட்டையை உரைத்துப் பூசத் தொடங்கி, அதுவே வழக்கமாகிவிட்டதாம். இது உங்கள் கோயிலுக்கே உரிய வழிபாட்டு முறை. இதையும் 'திருத்த' வேண்டும் என்று யாராவது கிளம்பினால் விடாதீர்கள்.

வந்து இறங்கிய கல் சிலைகளைத் திருப்பி அனுப்பச் சொல்லவில்லை. ஊர்ஜனம் காசு போட்டு, ஆசையாக வரவழைத்தவை அவை. மகாமண்டபத்தில் தெற்குப் பார்த்து ஒரு சந்நிதி கட்டி ஆறுமுகத்தையும் அம்மன்மாரையும் எழுந்தருளச் செய்யுங்கள். திருச்செந்தூரில் மூலவர் கிழக்கே பார்த்திருக்க, சண்முகர் தெற்கே பார்த்துத் தனியாக இருக்கிறார். அதுவே உங்களுக்குப் போதுமான முன்மாதிரி. மூலஸ்தானத்தில் வேல், முதல் அபிஷேகம் வேலுக்கு, கும்பநீர் வேலின்மேல். மடங்கிய நுனியை நிமிர்த்த வேண்டாம், உடைந்தாலும் உடைந்துவிடும்.

இந்தப் பதிலைக் கமிட்டிக் கூட்டத்தில் வாசித்துக் காட்டுங்கள். சந்தேகம் இருப்பவர்கள் எனக்கே எழுதட்டும். கும்பாபிஷேக நாள் குறித்ததும் சொல்லுங்கள், நானும் வருகிறேன். வரும்போது தனக்காக் கட்டை ஒன்று வாங்கி வருகிறேன்.