பினாங்கில் பழைய வேனைக் கேம்பர் வேனாக மாற்ற நினைப்பவர் எதிலிருந்து தொடங்க வேண்டும்?

பினாங்கில் வசிப்பதாகவும், பழைய வேன் ஒன்றை வாங்கி, மனைவியுடனும் இரண்டு சிறு பிள்ளைகளுடனும் வார இறுதிகளில் வெளியூரில் தங்கி வரும்படி அதை மாற்றிக்கொள்ள விரும்புவதாகவும் எழுதியிருக்கிறீர்கள். கட்டிலை முதலில் அடிப்பதா, சோலாரை முதலில் பொருத்துவதா என்பது உங்கள் கேள்வி. காற்றுக்கு வழி செய்வதுதான் முதல் வேலை என்பது என் பதில். புக்கிட் மெர்தாஜாமில் நாங்கள் இத்தகைய வேன் ஒன்றைச் சில ஆண்டுகளாக வைத்திருக்கிறோம்; அதன் உள்வேலையில் பெரும்பகுதியை நானும் என் மைத்துனரும் சேர்ந்து செய்தோம். அந்த அனுபவத்திலிருந்தே எழுதுகிறேன்.

கேம்பர் வேனைப் பற்றி இணையத்தில் கிடைக்கும் காணொளிகளில் பெரும்பாலானவை குளிர்நாடுகளில் எடுக்கப்பட்டவை. உள்ளே இருக்கும் சூட்டை எப்படித் தக்க வைப்பது என்பதுதான் அவர்களுடைய கவலை. நமக்கோ பகலில் 32, 33 டிகிரி. கடலோரத்தில் இரவிலும் 24 டிகிரிக்கு மிகக் கீழே இறங்குவது அரிது. காற்றிலும் ஈரம் மிகுதி. உறங்கும் ஒருவர் ஓர் இரவில் மூச்சாலும் வியர்வையாலும் ஏறத்தாழ கால் லிட்டர் நீரை வெளிவிடுகிறார். நான்கு பேர் ஒரு தகரக் கூட்டுக்குள் கதவைச் சாத்திக்கொண்டு படுத்தால் அந்த நீர் முழுவதும் கண்ணாடியிலும் மெத்தையின் அடியிலும்தான் போய்ச் சேரும். புழுக்கம் தாங்காமல் இயந்திரத்தை ஓடவிட்டுக் குளிர்சாதனத்தைப் போட்டுக்கொண்டு தூங்கத் தோன்றும். அதை ஒருநாளும் செய்யாதீர்கள். புகைக்குழாய் வழியாக வரும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. நிறுத்தி வைத்த காரில் அப்படித் தூங்கியவர்கள் விழிக்காமலேயே போன செய்திகளை நம் நாட்டுப் பத்திரிகைகளில் நாம் பலமுறை படித்திருக்கிறோம். வேன் வாங்கும் நாளிலேயே ஒரு கார்பன் மோனாக்சைடு எச்சரிக்கைக் கருவியையும் வாங்கித் தலைமாட்டின் பக்கம் மாட்டிவிடுங்கள்.

காற்றோட்டத்திற்கு நான் பரிந்துரைப்பது கூரையில் பொருத்தும் 12 வோல்ட் விசிறி. அதற்குரிய திறப்பு பெரும்பாலும் 14 அங்குலச் சதுரமாக இருக்கும். உள்ளிருக்கும் காற்றை வெளியே இழுக்கும்படி அதை ஓட விட்டு, அதற்கு எதிர்முனையில், படுக்கையின் மட்டத்தில், ஒரு சன்னலைக் கொசுவலையுடன் சிறிது திறந்து வையுங்கள். சன்னலில் நுழையும் காற்று உறங்குபவர்களின் மேல் தவழ்ந்து சென்று கூரை வழியாக வெளியேற வேண்டும். விசிறியின் பக்கத்திலேயே சன்னலைத் திறந்தால் காற்று குறுக்கு வழியில் போய்விடும். படுக்கையில் இருப்பவருக்கு ஒன்றும் கிடைக்காது. மழையிலும் சன்னல் திறந்திருக்க வேண்டும் என்பதால் மேலே மழைத்தடுப்பு அவசியம்.

கூரையை வெட்டும்போது நிதானம் வேண்டும். வேன் கூரையில் நீளவாக்கில் மேடும் பள்ளமுமாக வரிகள் ஓடும். விசிறியின் சட்டம் அவற்றின் மேல் சமமாக உட்காராது. பள்ளங்களை முதலில் நிரப்பி மட்டமாக்க வேண்டும். வெட்டிய தகரத்தின் விளிம்பில் பூச்சில்லாத வெற்று இரும்பு தெரியும். துருத்தடுப்புப் பூச்சை அடித்து அது காய்ந்த பிறகே சட்டத்தை வையுங்கள். சட்டத்தின் அடியில் நீர் கசியாமல் அடைக்கும் பியூட்டைல் நாடா, திருகுகளின் தலைமேல் பாலியூரித்தேன் பசை. மலிவாகக் கிடைக்கிறதே என்று சாதாரண சிலிக்கோனைப் பூசினால், பிற்பாடு ஒழுகும்போது அதன் மேல் வேறெந்தப் பசையும் ஒட்டாது. நமது மழை மன்னிக்கும் மழை அன்று.

ஆனால் கூரையில் கத்தி வைப்பதற்கு முன் நாட்டின் சட்டம் என்ன சொல்கிறது என்று பாருங்கள். இருக்கைகளின் எண்ணிக்கையும் உடற்கட்டமைப்பும் வாகனத்தின் பதிவில் இருப்பவை. அவற்றை நிரந்தரமாக மாற்ற ஜே.பி.ஜே. எனப்படும் சாலைப் போக்குவரத்துத் துறையின் அனுமதியும் அங்கீகரிக்கப்பட்ட மையத்தின் பரிசோதனையும் தேவை. என்ன செய்யப் போகிறீர்கள் என்று ஒரு தாளில் அளவுகளோடு வரைந்து எடுத்துக்கொண்டு, வேலை தொடங்குவதற்கு முன்பே அலுவலகத்தில் நேரில் கேளுங்கள். காப்புறுதி நிறுவனத்திற்கும் எழுத்தில் தெரிவியுங்கள். சொல்லாமல் செய்த மாற்றம் இழப்பீடு கோரும் நாளில்தான் தலைதூக்கும். உங்களுக்குப் பிள்ளைகள் இருப்பதால் இன்னொன்றும் உண்டு. பின்னிருக்கையில் வார் அணிவது 2009 முதலும், குழந்தைகளுக்கான தனி இருக்கை 2020 முதலும் நம் நாட்டில் கட்டாயம். ஆகவே வாரோடு கூடிய இரண்டாம் வரிசை இருக்கையைக் கழற்றாமல், அதன் பின்னால் எஞ்சும் இடத்தைச் சுற்றியே உங்கள் திட்டத்தை அமைத்துக்கொள்ளுங்கள். ஓடும் வேனில் பிள்ளைகளைக் கட்டிலில் படுக்க வைப்பது கூடவே கூடாது.

வேனைத் தேர்ந்தெடுப்பதில் பலரும் உள்ளே எவ்வளவு இடம் இருக்கிறது என்று மட்டுமே பார்க்கிறார்கள். எங்கள் வேனுக்கு வெல்டிங் செய்தவர் அனுபவசாலி. உள்ளே எந்தப் பலகை போடலாம் என்று நாங்கள் பேசிக்கொண்டிருந்தபோது, "தம்பி, பலகையைப் பிறகு பார்த்துக்கலாம், முதல்ல தகரத்தைப் பாருங்க" என்று சொல்லிக் கதவின் அடிவிளிம்பை விரலால் தட்டிக் காட்டினார். கதவின் அடிப்பகுதி, சக்கரத்தின் மேல்வளைவு, முன்கண்ணாடியின் சட்டம், கூரையோர நீர்வழி ஆகிய நான்கு இடங்களில் துரு இருந்தால், இயந்திரம் எவ்வளவு நன்றாக ஓடினாலும் விட்டுவிடுங்கள். பத்து பிரிங்கி, தெலுக் பகாங் போன்ற கடலோர இடங்களில் நிறுத்தி வந்தால் உப்புக்காற்று மீதியைத் தின்றுவிடும். வீடு திரும்பியதும் அடிப்பாகத்தை நல்ல நீரால் பீய்ச்சிக் கழுவுவதை நாங்கள் தவறவிடுவதில்லை. டொயோட்டா ஹையேஸ், நிசான் எர்வன் இரண்டும் நல்ல தேர்வுகள்; உதிரிப்பாகம் எந்த ஊரிலும் கிடைக்கும். பழைய நிசான் வானெட் வேன் விலை குறைவு, ஆனால் நால்வருக்கு அது போதாது. டீசல் வேன் என்றால் எரிபொருள் கணக்கைப் புதிதாகப் போடுங்கள். 2024 ஜூன் 10 அன்று தீபகற்பத்தில் டீசல் விலை லிட்டருக்கு 2 ரிங்கிட் 15 சென்னிலிருந்து 3 ரிங்கிட் 35 சென்னாக உயர்ந்தது. இணையத்தின் பழைய பதிவுகளில் காணும் செலவுக் கணக்குகள் இப்போது பொருந்தா.

வெப்பக்காப்பு விஷயத்திலும் குளிர்நாட்டு முறையை அப்படியே எடுத்துக்கொள்ளக் கூடாது. நம்மை வாட்டுவது கூரை வழியாக இறங்கும் வெயில். மூடிய துளைகளைக் கொண்ட நுரைத்தாளைக் கூரைத் தகரத்தில் இடைவெளியின்றி ஒட்டுங்கள். பணம் மிஞ்சினால் பக்கச் சுவர்கள். தரைக்கு மெல்லியதாக ஒன்று போதும். பளபளக்கும் வெள்ளித்தாளை மட்டும் நம்புகிறவர்கள், அதற்கு முன்னால் காற்று இடைவெளி இருந்தால்தான் அது வெப்பத்தைத் திருப்பி அனுப்பும் என்பதைக் கவனிப்பதில்லை. இரண்டு பலகைகளுக்கு நடுவே நெருக்கி வைத்தால் அது வெறும் உலோகம், வெப்பத்தைக் கடத்திவிடும். பொழுது சாய்ந்த பிறகு அதே காப்பு உள்ளிருக்கும் சூட்டை வெளியேற விடாமல் பிடித்து வைக்கும் என்பதால்தான் விசிறியை முதலில் சொன்னேன்.

இப்போது மின்சாரம். 100 ஆம்பியர் மணி கொண்ட 12 வோல்ட் லித்தியம் இரும்பு பாஸ்பேட் பேட்டரியில் ஏறத்தாழ 1,280 வாட் மணி இருக்கும். அதில் பெரும்பகுதியைத் தயங்காமல் பயன்படுத்தலாம். அதே அளவு ஈய அமில பேட்டரியில் பாதியைத்தான் எடுக்கலாம், அதற்கு மேல் எடுத்தால் அதன் ஆயுள் குறையும். விசிறி இரவு முழுவதும் ஓடினால் 15 அல்லது 20 ஆம்பியர் மணி, 40 லிட்டர் குளிர்ப்பெட்டி நம் வெயிலில் ஒரு நாளைக்கு 40 வரை, விளக்கும் கைப்பேசிகளும் பத்து. ஆக ஓர் இரவு, ஒரு பகலுக்கு அந்த ஒரு பேட்டரி தாங்கும். கூரையில் வைக்கும் 220 வோல்ட் குளிர்சாதனம் 900 வாட் இழுக்கிறது என்று வையுங்கள்; அதே பேட்டரி ஒன்றரை மணி நேரம்கூட நிற்காது. அதை ஓட்டுவதற்கு இன்னும் பல பேட்டரிகள், அவற்றின் எடை, பேட்டரி மின்சாரத்தை 220 வோல்ட்டாக மாற்றும் பெரிய இன்வெர்ட்டர் என்று செலவு ஏறிக்கொண்டே போகும். வார இறுதிப் பயணத்திற்கு அது வேண்டியதில்லை என்பதே என் உறுதியான கருத்து. அதைவிடக் குளிரான கேமரன் மலைக்கு ஏறிவிடலாம்.

சோலாரில் நமக்கு ஒரு வசதியும் ஒரு சிக்கலும் உண்டு. பினாங்கு நிலநடுக்கோட்டிற்கு வடக்கே 5 டிகிரி சொச்சத்தில் இருப்பதால் சோலார் பலகையைச் சாய்த்து வைக்க வேண்டியதில்லை. கூரையோடு படுக்க வைத்தாலே போதும். ஆனால் 25 டிகிரிக்கு மேல் ஏறும் ஒவ்வொரு டிகிரிக்கும் பலகையின் திறன் ஏறத்தாழ 0.35 விழுக்காடு குறைகிறது. நண்பகலில் அது 60 டிகிரியைத் தொடும்போது எட்டில் ஒரு பங்கு போய்விடும். எனவே பலகைக்கும் தகரத்துக்கும் நடுவே காற்றோட இடம் விடுங்கள். அந்த நிழல் கூரைக்கும் நல்லது. சிக்கல் என்னவென்றால், தங்குவதற்கு நாம் மரநிழலைத் தேடுவோம், பலகையோ வெயிலைக் கேட்கும். அதனால் இயந்திரத்தோடு சுழன்று மின்சாரம் தரும் ஆல்டர்னேட்டரிலிருந்து வண்டி ஓடும்போதே பேட்டரியை ஏற்றும் டிசி-டிசி சார்ஜரைச் சோலாருக்கு முன்பே வாங்குங்கள். 30 ஆம்பியர் சார்ஜர் இருந்தால், பட்டர்வொர்த்திலிருந்து ஈப்போ போய்ச் சேரும் இரண்டு மணி நேரத்தில் 60 ஆம்பியர் மணி வரை ஏறியிருக்கும். பேட்டரியின் நேர்முனைக்கு மிக அருகிலேயே முதன்மை பியூஸ் இருக்க வேண்டும். கம்பி உரசித் தீப்பிடிப்பதைத் தடுப்பது அந்த ஒரு பொருள்தான். இந்த வேலையைத் தெரிந்தவரிடம் கொடுங்கள்.

கட்டிலைப் பொறுத்தவரை, நான் குறிப்பிட்ட இரண்டு வேன்களின் குறுகிய வகைக்கும் வெளி அகலமே 1.7 மீட்டருக்குச் சற்றுக் குறைவு. உள்ளே இன்னும் குறையும். பெரியவர்கள் குறுக்கே படுக்க முடியாது, நீளவாக்கில்தான் படுக்க வேண்டும். இரண்டாம் வரிசையின் முதுகை மடக்கி அதன்மேல் நீட்டிப் போடும் பலகைகளாக எங்கள் கட்டில் அமைந்திருக்கிறது. சட்டம் அலுமினியம், மேலே ஒட்டுப்பலகைப் பட்டிகள், ஒவ்வொரு பட்டிக்கும் நடுவே இரண்டு விரல் இடைவெளி. அந்த இடைவெளி இல்லையென்றால் மெத்தையின் அடியில் ஈரம் கோத்துப் பூஞ்சணம் பூக்கும். மரத்தூளை அழுத்திச் செய்த மலிவுப் பலகைகள் நம் ஈரக்காற்றில் ஓரம் உப்பிவிடும், வேண்டாம். எல்லாம் திருகில் கழன்று வரும்படி இருக்கட்டும். துருவோ ஒழுகலோ பார்க்க வேண்டிய நாளில் அரை மணி நேரத்தில் தகரம் வரை போய்விடலாம்.

சமையலை வேனுக்கு வெளியே பின்கதவின் அடியில் வைத்துக்கொள்ளுங்கள். சிறிய கேஸ் அடுப்பு, இருபது லிட்டர் தண்ணீர் போதும். கழிப்பறைக்கு நெடுஞ்சாலை ஓய்வுத் தளங்களும் முகாம் தளங்களும் இருக்கின்றன.

நிறுத்தும் இடத்தில் மட்டும் தயவுசெய்து கடுமையாக இருங்கள். 2022 டிசம்பர் 16 அன்று சிலாங்கூரின் பத்தாங் காலியில் முகாம் தளத்தின் மேல் மண் சரிந்து 31 பேர் மாண்டார்கள். வெட்டிய மலைச்சரிவின் அடியில் நிறுத்தாதீர்கள். ஆற்றங்கரை அழகாக இருந்தாலும் மேலே மலையில் மழை பெய்தால் கீழே வெயிலடிக்கும்போதே வெள்ளம் திரண்டு இறங்கும். நீர் திடீரென்று கலங்கி, இலைச்சருகு மிதந்து வந்தால் பொருள்களை விட்டுவிட்டுப் பிள்ளைகளோடு மேட்டுக்கு ஏறுங்கள்.

வேன் கைக்கு வந்ததும் எதையும் அடிக்காமல், பாயை விரித்துக் கொசுவலையைக் கட்டி, ஓர் இரவு நால்வரும் அதில் படுத்துப் பாருங்கள். காற்று எங்கிருந்து வருகிறது, யாருடைய கால் எங்கே இடிக்கிறது, நடு இரவில் இறங்க வேண்டியவர் யாரைத் தாண்ட வேண்டியிருக்கிறது என்பதைக் குறித்துக்கொண்டு, அந்தத் தாளோடு வெல்டிங் கடைக்குப் போங்கள்.